விர்ச்சுவல்பாக்ஸா, விர்ட்-மேனேஜரா? சேவ், ரீஸ்டோர் யாரிடம் ஒழுங்காக இருக்கிறது?

இரண்டுமே கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்ட உதவும் மென்பொருள்கள். சேவ் என்றால் ஓடும் மெஷினை அப்படியே உறையவைத்துச் சேமிப்பது, ரீஸ்டோர் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது. சேவ் பொத்தானை எங்கே வைப்பது என்ற ஒரு விஷயத்தில் விர்ச்சுவல்பாக்ஸுக்கே என் ஓட்டு. ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்தினால் போதும்: நிலையைச் சேமிக்கவா, ஷட்டவுன் சிக்னல் அனுப்பவா, ஒரேயடியாகப் பவரைத் துண்டிக்கவா என்று கேட்கும். நடப்பு ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு பதிந்துவைத்த மெஷின் நிலைக்கு) திரும்பும் டிக் பெட்டியும் அங்கேயே இருக்கும்.

விர்ட்-மேனேஜரில் ஜன்னலை மூடினால் ஒன்றும் ஆகாது. மெஷின் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அங்கே மெஷினை நடத்துவது லிப்விர்ட் என்ற பின்னணி மென்பொருள்; ஜன்னல் வெறும் திரை. சர்வர் ஆட்களுக்கு இது நியாயமாகப் படும், புதிதாக வருபவர் குழம்புவார். சேவ் இருப்பதோ ஷட்டவுன் பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறிக்குள், பவரைத் துண்டிக்கும் ஃபோர்ஸ் ஆஃபுக்கும் கீழே. அவசரத்தில் கை தவறினால் சேமிக்க வேண்டியது செத்துப்போகும். இந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்களோ!

ஆனால் முக்கியமான விஷயம் பொத்தான் அல்ல, சேமித்த கோப்பு. சேவ் என்பது மெஷினின் ரேமை மட்டும் கோப்பாக எழுதுவது. டிஸ்க் அப்படியே கிடக்கும். ரீஸ்டோர் செய்து இரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, அதே கோப்பை மறுபடி ரீஸ்டோர் செய்தால் பழைய ரேம் புதிய டிஸ்கின் மேல் உட்கார்ந்து ஃபைல் சிஸ்டத்தைச் சிதைத்துவிடும். லிப்விர்டை டெர்மினலிலிருந்து இயக்கும் 'விர்ஷ் சேவ்' கட்டளையில் கோப்பின் பெயரை நாமே தருகிறோம், கோப்பும் நம் கையிலேயே இருக்கும். ஆகவே இந்த ஆபத்து இன்றும் உண்டு. 2010-இல் லிப்விர்ட் 0.8.0 கொண்டுவந்த 'மேனேஜ்டுசேவ்' இதற்கு நல்ல தீர்வு. பெயர் கேட்காது, லினக்ஸின் வார்/லிப் (/var/lib) கோப்புறைக்குள் தானே வைத்துக்கொண்டு, மெஷின் எழுந்ததும் அழித்துவிடும். விர்ட்-மேனேஜரின் சேவ் இப்போது இதைத்தான் செய்கிறது. சேமித்த மெஷினுக்கு 'ரன்' பொத்தானே 'ரீஸ்டோர்' ஆகிவிடும். ரீஸ்டோர் தோற்றால், சேமித்ததை நீக்கிவிட்டுச் சாதாரணமாகத் துவக்கட்டுமா என்றும் கேட்கும். விர்ச்சுவல்பாக்ஸும் தன் சேவ் கோப்பை மெஷினின் ஸ்னாப்ஷாட்ஸ் கோப்புறைக்குள் வைத்து, தொடர்ந்ததும் எடுத்துவிடும். சேமித்த நிலையில் ரேம் அளவு போன்ற அமைப்புகளை மாற்றவே விடாது. எரிச்சலாக இருந்தாலும் அதுதான் சரி.

ஸ்னாப்ஷாட் தனிக் கதை. அது டிஸ்கையும் சேர்த்துப் பிடிப்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பலாம். விர்ட்-மேனேஜர் இதற்கான திரையை 2014-இல், 1.0 பதிப்பில்தான் தந்தது. டிஸ்க் கோப்புக்குள்ளேயே பதியும் இன்டர்னல் ஸ்னாப்ஷாட் எடுக்க டிஸ்க் க்யூகவ்2 (qcow2) வகைக் கோப்பாக இருக்க வேண்டும், சாதாரண ரா (raw) இமேஜில் நடக்காது. பின்னோக்கிப் போகும்போது மாற்றங்கள் அழியும் என்று எச்சரிக்கும், அதோடு சரி. விர்ச்சுவல்பாக்ஸோ இப்போதைய நிலையையும் ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். அந்த ஒரு கேள்வி பலருடைய வேலையைக் காப்பாற்றியிருக்கும்.

டெஸ்க்டாப்பில் ஒன்றிரண்டு மெஷின் வைத்திருப்பவருக்கு விர்ச்சுவல்பாக்ஸ் போதும். லினக்ஸ் கர்னலிலேயே உள்ள கேவிஎம் (KVM) தரும் வேகம் வேண்டுமென்றால் விர்ட்-மேனேஜர். ஆனால் கிராபிக்ஸ் கார்டை மெஷினுக்கே நேரடியாக ஒப்படைத்து பாஸ்த்ரூ கொடுத்திருந்தால் பொதுவாக சேவ் வேலைக்கு ஆகாது, லிப்விர்ட் மறுத்துவிடும். பெரிய ரேம் மெஷினைச் சேமிக்க டிஸ்கில் இடம் போதாவிட்டால் லிப்விர்டின் அமைப்புக் கோப்பான க்யூஎமு.கான்ஃபில் (qemu.conf) 'சேவ் இமேஜ் ஃபார்மட்' (save_image_format) வரியை ராவிலிருந்து, சுருக்கி எழுதும் எல்ஸாப்புக்கு (lzop) மாற்றிப் பாருங்கள்.