கல்சியத்தைக் கடத்த எது நல்லது: ஏ23187-ஆ, அயனோமைசினா?

கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதை வன்னியில் எந்தக் குசினியிலும் பார்க்கலாம். பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. கிணற்றுத் தண்ணீரில் தாராளமாகக் கிடக்கும் இந்தக் கல்சியத்துக்கு உடற்கலத்துக்குள் பெரிய பஞ்சம்: வெளியே இருப்பதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான் உள்ளே. கொஞ்சம் புகுந்தாலே தசை சுருங்கும், சுரப்பி சுரக்கும் என்பதால் கலம் அதை விடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காவலைத் தாண்டிக் கல்சியத்தை உள்ளே கொண்டுபோகும் சேர்வைகளை மண்ணில் வாழும் ஸ்ரெப்டோமைசிஸ் பற்றீரியாக்கள் செய்கின்றன. என்னிடம் ஏ.எல். உயிரியல் படித்துக் கம்பசுக்குப் போன பிள்ளைகள் ப்ரொஜெக்ட் நேரத்தில் கேட்பது இதைத்தான்: இவற்றில் ஏ23187, அயனோமைசின் இரண்டில் எதை வாங்கச் சொல்ல?

இரண்டுமே வட்டுவாகல் பாலம் மாதிரி நிலையான வழி அல்ல, தோணி. அயனை ஏற்றிக்கொண்டு மென்சவ்வின் கொழுப்பைக் கடந்து இறக்கிவிட்டு, திரும்பும்போது புரோத்தன்களைக் கொண்டுவரும். ஒரு கல்சியம் உள்ளே, இரண்டு புரோத்தன் வெளியே, ஆகவே மின்னேற்றக் கணக்குச் சரி.

ஏ23187, அதாவது கல்சிமைசின், மூத்தது. ஸ்ரெப்டோமைசிஸ் சார்ட்ரூசென்சிஸ் தருவது, 1972இலேயே ஆய்வுலகில் பேசப்பட்டது. ஒரு கல்சியத்தைப் பிடிக்க இதில் இரண்டு மூலக்கூறு வேண்டும். மகனீசியத்தையும் ஓரளவு ஏற்றும், மங்கனீசை இன்னும் விரும்பி ஏற்றும். இதைவிடப் பெரிய தலையிடி, புறவூதா ஒளி பட்டால் இதுவே ஒளிரும். கல்சியத்தை அளக்கப் பலரும் பாவிக்கும் ஃபுரா-2 சாயத்துக்கும் 340, 380 நனோமீற்றர் ஒளிதான் வேண்டும். அப்புறம் திரையில் தெரிவது கல்சியத்தின் ஒளியா, மருந்தின் ஒளியா? ஒளிராத புரோமீன் சேர்த்த வடிவமும் விற்கிறார்கள், ஆனால் அதற்குப் போவதென்றால் நேரே அயனோமைசினையே எடுக்கலாம்.

ஸ்ரெப்டோமைசிஸ் கொங்ளோபேற்றசிலிருந்து 1978இல் வந்த அயனோமைசினுக்கு ஒரு கல்சியத்துக்கு ஒரு மூலக்கூறே போதும். மகனீசியத்தைவிடக் கல்சியத்தையே தெரிந்தெடுக்கும், ஒளிர்ந்து குழப்பவும் மாட்டாது. சாயத்தோடு அளவெடுப்பதென்றால் எனது வாக்கு இதற்குத்தான். குறை ஒன்று உண்டு: பீஎச் 7க்குக் கீழே போனால் கல்சியத்தைச் சரியாகப் பிடிக்காது, காரத்தன்மையில்தான் இதற்குத் தெம்பு. கரைசலின் பீஎச்சைப் பார்க்காமல் மருந்தைக் குறை சொல்வதில் பிரயோசனமில்லை.

எதை எடுத்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியே கல்சியமே இல்லாத கரைசலிலும் உள்ளே கல்சியம் கூடும், ஏனெனில் இவை கலத்தின் உட்சேமிப்பையும் திறந்துவிடும். 'வெளியிலிருந்துதான் வந்தது' என்று எழுத முதல், கரைசலிலுள்ள கல்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏ சேர்த்து ஒருமுறை பாருங்கள். கரைசலுக்கு வடித்த நீர்தான், குழாய்த்தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஏ23187-ஐ ஒதுக்கிவிடவும் முடியாது. விந்தைச் செலுத்தியும் கருக்கட்டாத முட்டைகளைத் தூண்ட, செயற்கைக் கருத்தரிப்பு நிலையங்கள் சிலரில் இதைப் பாவிக்கின்றன. அங்கே சாயமும் இல்லை, ஒளிர்வுப் பிரச்சினையும் இல்லை.

இந்தக் குடும்பத்தில் ஆய்வுகூடத்தைத் தாண்டிப் பண்ணைக்கு வந்தது லசலோசிட். சோடியம், பொற்றாசியம், கல்சியம் எல்லாவற்றையும் ஏற்றும் என்பதால் கல்சியப் பரிசோதனைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். கோழிகளில் இரத்தக் கழிச்சலைத் தடுக்கத் தீனில் கலப்பவற்றில் இதுவும் உண்டு, சோடியத்தைக் காவும் மொனென்சினும் உண்டு. கோழி தாங்கும் அளவைக் குதிரை இனம் தாங்காது, இதயத்தசையே கெட்டுவிடும். மன்னார்ப் பக்கம் கோழி வளர்க்கிறவர்கள் தீன் மூட்டையைக் கழுதைகள் வாய் வைக்காத இடத்தில் கட்டி வைப்பது நல்லது.