பால்வெட்டு 'மில்க்' ஆன கதை: நாகர்கோவில் திரைவிழாப் பயிலரங்கு எப்படி?

செட்டிகுளம் பக்கம் ஒரு மாடி ஹாலில் இரண்டு நாள் நடந்தது. சொந்தக் காசில் படம் எடுத்தவர்கள் அதைத் திரைப்பட விழாக்களுக்கு எப்படி அனுப்புவது என்பது மட்டும்தான் பாடம். மதியச் சாப்பாடு சேர்த்து 1800 ரூபாய். கேமரா, லென்ஸ் பேச்சே கிடையாது. அதை எதிர்பார்த்து வந்த இரண்டு பையன்கள் முதல் நாள் அவியலும் சோறும் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டார்கள்.

நான் கிளம்பவில்லை, பட்ட பாடு அப்படி. குலசேகரம் பக்கம் விடியுமுன் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போகும் ஒரு அக்காவைப் பற்றி 18 நிமிடப் படம் எடுத்தேன். முடித்த சூட்டில், விழாக்களுக்குப் படம் அனுப்பும் பிலிம்ஃப்ரீவே தளத்தில் கணக்குத் தொடங்கி, கண்ணில் பட்ட விழாவுக்கெல்லாம் தட்டிவிட்டேன். மொத்தம் 11 இடம். பத்தில் ஒன்றும் தேறவில்லை, ஒன்றில் சிறந்த ஆவணப்பட விருதே கிடைத்தது! அப்புறம் பார்த்தால் அது மாதா மாதம் விருது கொடுக்கிற விழா, தியேட்டரும் இல்லை திரையிடலும் இல்லை, சான்றிதழ் பிடிஎஃப்பில் வரும், கோப்பை வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். விருதுக்கு அடையாளமாகத் தரும் அந்த இலைக்கொத்து முத்திரையைப் போஸ்டரில் ஒட்டி நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேறு வைத்திருந்தேன்.

வகுப்பு எடுத்தவர் விழாக்களுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் இருந்தவர், மலையாள வாடை அடிக்கிற தமிழ். முதல் மணி நேரம் முழுக்க இந்தப் போலிகளைப் பற்றித்தான். போன வருடம் எந்தத் தியேட்டரில் போட்டார்கள் என்று பார், அங்கே படம் ஓடிய ஒருவரையாவது தேடிப்பிடித்துப் பேசு, அதற்குப் பிறகு பணம் கட்டு என்றார். ஒரே படத்துக்கு முதல் கெடுவில் ஒரு கட்டணம், கடைசிக் கெடுவில் அதைவிட அதிகம் என்பதைத் திரையில் காட்டியபோது என் வயிறு எரிந்தது, நான் எல்லாமே கடைசி நாளில் அனுப்பியவன்.

கூழாங்கல் என்ற தமிழ்ப் படம் 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியதை வைத்து நிறையக் கேள்வி வந்தது. பெரிய விழாக்களின் முழுநீளப் படப் போட்டிகள் பெரும்பாலும் வேறெங்கும் காட்டாத படத்தைத்தான் கேட்கும், அவசரப்பட்டுச் சின்ன விழாவில் போட்டுவிட்டால் அந்தக் கதவை நாமே சாத்திவிடுகிறோம் என்றார். குறும்படத்துக்கு அவ்வளவு கறார் இல்லை, ஆனால் யூடியூபில் போட்ட படத்தைத் தொடாத விழாக்கள் உண்டு. பக்கத்தில் திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவான ஐஎஃப்எஃப்கே, 2008 முதல் ஆவணப்படத்துக்கும் குறும்படத்துக்கும் தனியாக ஐடிஎஸ்எஃப்எஃப்கே. ரயிலேறினால் ஒன்றரை மணி நேரம். நான் பெயர் தெரியாத ஊருக்கெல்லாம் டாலரில் கட்டிக்கொண்டிருந்தேன்.

கொடுத்த காசுக்கு ஈடானது சப்டைட்டில் பகுதிதான். வந்தவர்களின் படத்திலிருந்து இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்தார்கள். என் படத்தில் அக்கா "நேரமாச்சு, பால் வெட்டப் போணும்" என்கிறார், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் சொல்கிறார், கீழே ஆங்கிலத்தில் 'கட் மில்க்' என்று ஓடுகிறது. படத்தை நிறுத்திவிட்டு அவர் கேட்டார், "தம்பி, இதுல பசு எங்க?" ஹாலே சிரித்தது. மெஷின் மொழிபெயர்த்ததை நான் திரும்பப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. மரத்தில் உறைந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பால் 'ஸ்டிக்கி மில்க்' ஆகியிருந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு கல்லூரிப் பெண், "ஒட்டுப்பாலுக்கு ஸ்க்ராப்னு போடுங்கண்ணே, எங்க வீட்டுல கடைக்குப் போடும்போது அப்படித்தான் சொல்லுவோம்" என்றது. பால் வெட்டுக்கு 'டேப்பிங்' என்ற ஒற்றைச் சொல் போதும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 42 எழுத்துக்குள் நிறுத்து, எழுத்தைப் படத்திலேயே பதிக்காமல் எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் ஃபைலாகத் தனியே வை என்று ஒன்றரை மணி நேரம் அதையே போட்டுப் பிசைந்தோம்.

குறை இல்லாமல் இல்லை. தியேட்டரில் ஓட்டக் கொடுக்கிற டிஜிட்டல் கோப்பான டிசிபி பற்றிய பகுதியை இரண்டாம் நாள் கடைசிக்குத் தள்ளினார்கள், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடியது, புரொஜெக்டர் ஓடவில்லை. அதைச் செய்ய டிசிபி-ஓ-மேட்டிக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, வீட்டில் முயன்று பாருங்கள் என்று வாயால் சொல்லி முடித்துவிட்டார். நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்த என் படத்தை 24க்கு மாற்றினால் சத்தம் என்ன ஆகும் என்று கேட்க நினைத்தது அப்படியே நின்றுவிட்டது. விழாவுக்குக் கூப்பிட்டால் போய்வரும் செலவு யார் தலையில் விழும் என்பதையும் யாரும் பேசவில்லை.

கையில் கதை மட்டும் இருப்பவர்கள் இப்போது போக வேண்டாம். எடிட் முடித்து, இன்னும் எங்கும் அனுப்பாமல் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பிளாஸ்டிக் நாற்காலிதான், முதுகுவலிக்காரர்கள் ஒரு தலையணை எடுத்துக்கொள்ளுங்கள். டிசிபியை முதல் நாளே வைக்கச் சொல்லிக் கேளுங்கள், நான் பின்னூட்டத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.