நீதியை எழுதச் சொல்லாவிட்டால் இன்னும் நல்லது

கதை கேட்பதற்கு மாதம் 3,500 ரூபாயா என்று முதலில் எனக்கும் பொறுக்கவில்லை. மகளின் அம்மம்மா ஒரு சதமும் வாங்காமல் சொன்ன கதைகள்தாம். ஆனால் அம்மம்மா இப்போது ரொறன்ரோவில். வட்ஸ்அப்பில் நரி கிணற்றுக்குள் விழும் வரைக்கும் சொல்வார். அதை வெளியே எடுப்பதற்குள் அவருக்கு நித்திரை வந்துவிடும். ஆகவே வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் சனிக்கிழமைகளில் நடக்கும் கதை வகுப்பில், தரம் 4 படிக்கும் மகளைச் சேர்த்தேன். குறையும் சொல்லப் போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

துண்டுப்பிரசுரத்தில் 'பிறர் துன்பம் உணரும் பிள்ளைகள்' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழேயே, புலமைப்பரிசில் பரீட்சைக்கும் உதவும் என்று. அந்த இரண்டாவது வரி இல்லாவிட்டால் கொழும்பில் யாரும் காசு கட்டமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் சனிக்கிழமை பெற்றோரும் பின்னால் உட்காரலாம் என்றார்கள். அன்று, அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனின் கதை. இளவரசனின் தேரில் அகப்பட்டுக் கன்று சாக, தாய்ப்பசு போய் நீதி கேட்பவர்களுக்காகக் கட்டியிருந்த மணியை அடிக்க, அரசன் அதே தேர்ச் சக்கரத்தால் மகனுக்குத் தண்டனை கொடுப்பான். திருவாரூரில் இது மனுநீதிச் சோழன் கதை. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் இதை எல்லாளனுக்குச் சொல்கிறது. நாங்கள் பாடசாலையில் படித்தபோது அரசனின் நீதியை மெச்சி ஐந்து வாக்கியம் எழுதியதோடு சரி. இந்த ஆசிரியை அரசனை ஓரமாக உட்கார வைத்துவிட்டார். பசு, கன்று, தேரோட்டி என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, "அன்றிரவு உனக்கு நித்திரை வந்திருக்குமா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

கன்றாகப் பாயில் கிடந்த பையனைப் பார்த்து முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை விம்மத் தொடங்கியது. செத்த கன்று ஒரு கண்ணைத் திறந்து, "அழாதே, நான் சும்மாதான் படுத்திருக்கிறேன்" என்றது.

என் மகளுக்குக் கிடைத்தது இளவரசனின் தாய். கதையில் அவளுக்கு ஒரு வரிகூட இல்லை. சட்டை விளிம்பை முறுக்கிக்கொண்டு நெடுநேரம் நின்ற மகள், "மிஸ், அரசியும் போய் அந்த மணியை அடிக்கலாமா?" என்று கேட்டாள். மின்விசிறி கடகடக்கும் சத்தம் மட்டுந்தான். ஆசிரியை பதில் சொல்லவில்லை. "அடித்தால் யார் வந்து விசாரிப்பார்கள்?" என்று பிள்ளைகளிடமே கேட்டு, அப்படியே விட்டுவிட்டார். அந்த ஒரு நிமிடத்துக்கே 3,500 தகும்.

அத்தோடு இவர்களும் மணியடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். உதவியாளர் ஆளுக்கொரு தாள் நீட்டினார்: 'இக்கதை கற்பிக்கும் நீதி யாது?' எழுத மூன்று கோடுகள். அரசிக்காக மணியைத் தேடிய என் பிள்ளை, 'வீதியில் வாகனத்தை மெதுவாக ஓட்ட வேண்டும்' என்று எழுதிக்கொடுத்து ஒரு நட்சத்திரம் வாங்கினாள்.

வேறு குறைகளும் உண்டு. 12 பிள்ளைகள்தாம் என்றார்கள். நான் எண்ணியபோது 21. வியர்வையில் பாய் முதுகோடு ஒட்டுகிறது. இதுவரை வந்ததெல்லாம் அரசரும் நரியும். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு கதை இருக்குமே என்று ஆசிரியையிடம் சொன்னேன். கொப்பியில் குறித்துக்கொண்டார்.

தரம் 2க்குக் கீழே என்றால் அனுப்பாதீர்கள். கன்று கண்ணைத் திறக்கும்வரை அவர்களால் பொறுக்க முடியாது. தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். அடுத்த மாதக் காசைக் கட்டிவிட்டேன், தாள் மட்டும் வேண்டாம் என்று சொல்லி.