ரெடிஸ், என்ஜின்எக்ஸ், ஒரு இண்டெக்ஸ்: அலுவலக போர்ட்டலோடு மூன்று வருடம்

எங்கள் நிறுவனத்தின் உள் போர்ட்டலை நானும் இன்னொருவரும் பார்த்துக்கொள்கிறோம். வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், சம்பளச் சீட்டு, சுற்றறிக்கை எல்லாம் அதில்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் திங்கட்கிழமை காலையில் அதன் முகப்புப் பக்கம் திறக்க 12 வினாடி ஆகும். கணக்குப் பிரிவில் ஒருவர் அந்த டேபை மூடவே மாட்டார். மூடினால் மறுபடி திறக்கக் காத்திருக்க வேண்டுமே என்று நாள் முழுக்க அப்படியே வைத்திருப்பார். அதைப் பார்த்த அன்றுதான் இதைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு வினாடிக்குள் பதில் வந்தால்தான் மனிதரின் யோசனை அறுபடாது, 10 வினாடியைத் தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதிவிட்டார். நாங்கள் அந்தக் கடைசி எல்லைக்கும் அப்பால் இருந்தோம்.

முதலில் செய்தது தவறான வேலை. பெரிய சர்வர் வாங்கினோம். மெமரியும் சிபியூ கோரும் இரண்டு மடங்கு. மதிய நேரத்தில் கொஞ்சம் வேகம் தெரிந்தது; திங்கட்கிழமை காலை மட்டும் மாறவே இல்லை. நெரிசல் நேரத்திலும் சிபியூ பெரும்பாலும் சும்மாதான் இருந்தது. ஆக, போர்ட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை, எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. இதை வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

எதற்குக் காத்திருக்கிறது என்று காட்டியது, எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் கூடவே வரும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன். இந்த மூன்று வருடத்தில் எனக்கு மிக அதிகம் உதவிய கருவி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதற்குத் தனியாகக் காசு கிடையாது. ஷேர்ட்_ப்ரீலோட்_லைப்ரரீஸ் என்ற அமைப்பில் அதன் பெயரைச் சேர்த்து டேட்டாபேஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, எக்ஸ்டென்ஷனை உருவாக்கினால் போதும். ஒவ்வொரு குவெரியும் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று எண்ணி வைக்கும். சராசரி நேரத்தை விட்டுவிட்டு மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். முதலிடத்தில் இருந்தது 2 மில்லிவினாடியில் முடிகிற சின்ன குவெரி! தனியாகப் பார்த்தால் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் முகப்பில் 'இன்று விடுப்பில் இருப்பவர்கள்' என்ற பெட்டிக்காக, குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை என்று அது தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும் காலையில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எல்லாம் அதிலேயே தீர்ந்துபோனது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே குவெரியாக மாற்றினோம்.

இரண்டாவதாக வந்தது விடுப்பு டேபிள். அதில் ஊழியர் எண் ஒரு ஃபாரின் கீ, அதாவது இன்னொரு டேபிளில் இருக்கும் ஊழியரைச் சுட்டும் எண். ஒரு பதிவை அடையாளம் காட்டும் பிரைமரி கீக்குப் போஸ்ட்கிரெஸ் தானாகவே இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போடும், ஃபாரின் கீ இருக்கும் நெடுவரிசைக்குப் போடாது. இது தெரியாமல் பல வருடம் முழு டேபிளையும் ஒவ்வொரு முறையும் துழாவ விட்டிருந்தோம். கன்கரன்ட்லி என்று சேர்த்து இண்டெக்ஸ் போட்டதால் பகலிலேயே செய்ய முடிந்தது, யாருடைய விண்ணப்பமும் தடைபடவில்லை. இந்த இரண்டு மாற்றத்திலேயே 12 வினாடி 4 ஆனது. மூன்று வருடமாக இரண்டையும் நான் திரும்பத் தொடவில்லை.

அடுத்து, தகவலை மெமரியில் சேமித்து வைத்து உடனே தரும் கேஷாக ரெடிஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தோம். அதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. வேகம் அருமை, சந்தேகமே இல்லை. ஆனால் கேஷ் என்பது வைத்துவிட்டு மறந்துவிடுகிற பொருள் இல்லை. முதல் மாதத்தில் முகப்புப் பக்கத்தையே 10 நிமிடத்துக்குச் சேமித்து வைத்தோம். ஒருவரின் விடுப்பை மேலாளர் அனுமதித்த பிறகும் அவருக்கு 'நிலுவையில்' என்றே காட்டியது. அவர் மறுபடி விண்ணப்பித்தார், அதுவும் அனுமதிக்கப்பட்டு, இரண்டு விடுப்பு கழிந்துவிட்டது. திருத்திக் கொடுத்தோம். ஆனாலும் போர்ட்டல் காட்டுவதை அவர் நம்பப் பல மாதம் ஆனது, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அன்றிலிருந்து ஒருவரின் சொந்த விவரம் எதையும் கேஷில் வைப்பதில்லை. விடுமுறைப் பட்டியல், சுற்றறிக்கை, நிறுவனக் கட்டமைப்பு மட்டும்தான். அவையும் திருத்தப்பட்ட உடனே, கேஷில் அவற்றைச் சேமித்திருக்கும் கீ அழிக்கப்படும். அப்புறம், எல்லாக் கீயும் ஒரே நொடியில் காலாவதியாகி டேட்டாபேஸ் மேல் மொத்தமாக விழுந்த ஒரு காலை. காலாவதி நேரத்தில் கொஞ்சம் முன்பின் சேர்த்ததும் அது நின்றது. ரெடிஸ் எடுக்கும் மெமரிக்கு உச்சவரம்பு நீங்களேதான் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 64 பிட் கணினியில் இயல்பாக வரம்பே கிடையாது. 2024 மார்ச்சில் ரெடிஸ் உரிமத்தை மாற்றிய பிறகு, அதிலிருந்து பிரிந்த திறந்த மூல மென்பொருளான வால்கீக்கு மாறினோம். நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கிளை அலுவலகங்களிலிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. நான் சோதித்தது சர்வருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து. அவர்கள் வருவது விபிஎன் (இணையத்தின் மேல் போடும் தனிப்பாதை) வழியாக, ஒரு முறை போய்வரவே 200 மில்லிவினாடி. ஒரு கிளைக்கே போய், அங்கிருந்த ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்த்தேன். கோப்புகள் ஆறு ஆறாக வரிசையில் நின்று வந்துகொண்டிருந்தன. 'உள் நெட்வொர்க்தானே' என்று எச்டிடிபிஎஸ் (குறியாக்கப்பட்ட இணைப்பு) இல்லாமலே விட்டிருந்தோம். எச்டிடிபிஎஸ் இல்லாவிட்டால் ஒரே இணைப்பில் பல கோப்பைச் சேர்த்து வாங்கும் எச்டிடிபி/2 முறையில் பிரவுசர்கள் பேசாது, பழைய முறையில் ஒரு முகவரிக்கு ஆறு இணைப்பு மட்டும்தான் திறக்கும். சான்றிதழ் போட்டு அதை மாற்றினோம்.

போர்ட்டலின் பக்கங்களை அனுப்பும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் இன்னொன்றும் தெரியவந்தது. கோப்பைச் சுருக்கி அனுப்பும் ஜிசிப் 'ஆன்' என்றுதான் எங்கள் அமைப்பில் இருந்தது. ஆனால் கோப்பு வகைகளைத் தனியாக எழுதாவிட்டால் அது எச்டிஎம்எல்லை மட்டுமே சுருக்கும். ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் எல்லாம் முழு எடையோடு விபிஎன்னில் போய்க்கொண்டிருந்தன. ஒரு வரி சேர்த்தோம். கோப்புப் பெயரிலேயே ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) சேர்த்து ஒரு வருடத்துக்கு பிரவுசரிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னோம். கிளைகளில் உண்மையான மாற்றம் இவற்றைச் செய்த வாரத்தில்தான் வந்தது. முகப்பு இப்போது அங்கேயும் 2 வினாடிக்குள் திறக்கிறது. அதற்குப் பிறகு சராசரியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், நூறு பேரில் கடைசி ஐந்து பேருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்றுதான் வாராவாரம் பார்க்கிறேன்.

வேகம் தானாக நிலைக்கவும் இல்லை. எட்டாவது மாதத்தில் ஒரு புதிய விளக்கப்படத்துக்காகச் சேர்த்த நூலகம் ஒன்று ஜாவாஸ்கிரிப்ட் அளவை இரட்டிப்பாக்கியது. இப்போது அளவு வரம்பைத் தாண்டினால், புதிய பதிப்பைத் தயாரிக்கும் பில்ட் நின்றுவிடும்.

இன்னும் தீராதது வருடாந்திர வருகை அறிக்கை. இப்போதைக்கு அதைப் பின்னணியில் ஓடவிட்டு, தயாரானதும் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புகிறோம். வருகை டேபிளை மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்து (தனித்தனித் துண்டாகப் பிரித்து) பார்க்கும் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்குப் பிரிவில் அந்த டேபை மூடாமல் வைத்திருந்தவர்தான் அதைச் சோதித்துத் தருகிறார்.