வீட்டு வேலையா, மாலை நடையா?

"நாள் முழுக்க ஓடித் திரிகிறேன், பிறகென்ன நடை?" திருகோணமலையில் நடக்கக் கூப்பிட்டால் அக்காமார் சொல்லும் பதில் இது. மாரடைப்பு ஆம்பிளைகளின் நோய் என்ற எண்ணமும் கூடவே வரும். ஆனால் மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் அந்த ஆபத்து ஏறும். இதயத்துக்கு வீட்டு வேலை போதுமா, நடை வேண்டுமா? இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

செலவு: வேலைக்கு ஒன்றுமில்லை. நடைக்கு ஒரு நல்ல சப்பாத்து.

வசதி: வேலையை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நடந்தால் "எங்க தனியப் போறா?" என்பார்கள். இரண்டு பேராகப் போனால் அந்தக் கதை ஒரு கிழமையில் அடங்கிவிடும்.

பலன்: இங்கேதான் விஷயம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பாவது வேண்டும் என்கிறது. மிதமானது என்றால் கதைக்கலாம், பாட முடியாது. முற்றம் கூட்டுவது, கிணற்றில் தண்ணீர் அள்ளுவது அதில் சேரும். அடுப்படியில் நின்று கறி கிளறுவது சேராது, களைப்பு மட்டும் மிஞ்சும். பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து மான்களைத் தாண்டிக் கோணேசர் கோவிலுக்கு வேகமாக ஏறிப் பாருங்கள், வித்தியாசம் மூச்சில் தெரியும்.

கைக்குழந்தைக்காரிக்கு வேகமான வீட்டு வேலையே போதும். நாற்பதைத் தாண்டியவர்கள், பிரஷர், சீனி உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு நடையைத் தொடங்கலாம்.

அப்புறம் ஒன்று. நடக்கும்போது மூச்சு வாங்கி, தாடையோ முதுகோ வலித்து, குமட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம்; "வாய்வு" என்று இஞ்சித் தேநீர் போடாமல் 1990-க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.