பதினான்கு பை பேன்ட்: இரண்டரை ஆண்டு போட்டுத் தேய்த்த பிறகு

கொடியில் அந்த பேன்ட் காயும்போதெல்லாம் அம்மா கேட்பார்: "இதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனால் கூடை எதற்கு?"

கடலூரில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். கூத்தப்பாக்கம், தேவனாம்பட்டினம், வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரி என்று வேலை ஓடும். 2023 ஜனவரியில் இணையத்தில் 2,400 ரூபாய்க்கு இந்த பேன்ட்டை வாங்கினேன். அதுவரை ரெக்சின் பை ஒன்றுதான். ஏணியில் ஏறிய பிறகுதான் வேண்டிய ஸ்க்ரூ டிரைவர் கீழே இருப்பது நினைவுக்கு வரும். உதவிக்கு வரும் பையனிடம் நீலப் பிடி என்றால் மஞ்சள் பிடியை நீட்டுவான். ஒரு சுவிட்ச் பெட்டி மாட்டுவதற்குள் நான்கு முறை ஏறி இறங்கியிருக்கிறேன்.

முன்னால் இரண்டு தொங்கு பைகள், வழக்கமான பக்கவாட்டுப் பைகள் இரண்டு, பின்னால் இரண்டு. இடது தொடையில் பெரிய பை, அதன்மேல் மூன்று குறுகிய அறைகள். வலது தொடையில் அளவுகோலுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, முழங்காலில் மெத்தை செருக இரண்டு. ஆக மொத்தம் பதினான்கு.

முதல் மாதம் பதினான்கையும் நிரப்பினேன். பை இருந்தால் கை சும்மா இருக்காது. இடுப்பு இறங்கியது, பெல்ட் பதிந்து சிவந்தது. மளிகைக் கடைத் தராசில் பேன்ட்டைச் சுருட்டி வைத்துப் பார்த்தேன்: 3 கிலோ 200 கிராம். கடைக்காரர் என்ன விலை என்று கேட்டார். அன்று மாலையே முக்கால்வாசியை எடுத்துவிட்டேன். டெஸ்டர், கட்டிங் பிளையர், இரண்டு டிரைவர், இன்சுலேஷன் டேப், பென்சில், ஒரு பிடி திருகு. ஏணி உச்சியில் நின்று தேடக் கூடாதவை மட்டும்தான் உடம்பில். மற்றதெல்லாம் மறுபடி ரெக்சின் பைக்கே போய்விட்டன.

அதன் பிறகுதான் பேன்ட் தன் குணத்தைக் காட்டியது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்துப் பழைய வீடொன்றில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த வீடுகளின் கூரை உயரம் தெரிந்தவர்களுக்கு ஏணியின் உயரமும் தெரியும். இடது கை விசிறியின் தண்டைத் தாங்கியிருக்கிறது, கண் கொக்கியில் இருக்கிறது. வலது கை தானாக இறங்கிப் பிளையரை எடுத்தது, ஸ்பிளிட் பின்னின் கால்களைப் பிரித்து மடக்கியது, திரும்பப் போய் வைத்தது. கீழே வந்த பிறகுதான் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை என்பது உறைத்தது. ஒவ்வொன்றும் எப்போதும் அதே பையில் இருந்தால்தான் இது நடக்கும். டெஸ்டரை ஒருநாள் இடம் மாற்றி வைத்துவிட்டு, நாள் முழுக்க வெறும் பையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இனி குறைகள். துணி 65 சதவீதம் பாலியெஸ்டர், 35 சதவீதம் பருத்தி, தேயும் இடங்களில் முரட்டு நைலான். குளிர் நாட்டுக்காரனை மனத்தில் வைத்து வரைந்த அளவு போலும். கத்திரி வெயிலில், கடற்காற்றின் புழுக்கத்தில், தொடையில் ஈரத் துணி சுற்றியது போல இருக்கும். முழங்கால் மெத்தை நல்ல யோசனைதான். தரையோரம் பிளக் பாயின்ட்டுக்குச் சுவரில் காடி வெட்டும் நாட்களில் அதன் அருமை தெரியும். ஆனால் மண்டியிட்டால் மெத்தை என் முழங்காலுக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றது.

பை முனைகளை இறுக்கும் ரிவெட் ஆணிகள் செம்பு நிறத்தில் பளபளத்தன. 1873இல் அமெரிக்காவின் ரீனோ நகரத் தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் காப்புரிமை வாங்கியது, வேலை பேன்ட்டின் பைகள் கிழியாமல் உலோக ரிவெட் அடிப்பதற்குத்தான். அவர்கள் அடித்தது செம்பு. எனக்கு வந்ததில் காந்த முனை டிரைவர் ஒருநாள் டக்கென்று ஒட்டிக்கொண்டது. சாயம் பூசிய இரும்பு! தேவனாம்பட்டினக் காற்றில் எட்டே மாதத்தில் ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் செந்நிற வளையம். ஒரு வீட்டில் புது சோபாவில் உட்காரச் சொன்னார்கள், நின்றுகொண்டே டீ குடித்தேன்.

தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. உலோகம் அறுக்கும் கிரைண்டரின் தீப்பொறி பட்ட இடங்களில் துணி எரிந்து சாம்பலாகவில்லை, உருகி ஓரத்தில் சிறு மணிகளாக உறைந்தது. பாலியெஸ்டர் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மின் தீப்பொறி வெடித்தால் தோலோடு ஒட்டும். மின்பலகை வேலைக்கு இதைப் போடுவதில்லை. பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகி ஒட்டாது. பெரிய மின்பலகைகளில் வேலை செய்பவர்களுக்கென்று தீத்தடுப்பு ஆடை தனியாக உண்டு.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. வெள்ளம் வடிந்த வீடுகளில் சுவிட்சுகளைக் கழற்றிச் சேறு கழுவுவதும் மோட்டார் இறக்குவதுமாக மூன்று வாரம். தொங்கு பைகள் சேற்றுத் தண்ணீரை அள்ளி வைத்துக்கொண்டன, வடிய ஓட்டையே இல்லை. இரவில் துவைத்தால் மறுநாள் இரவுதான் காயும். அதற்குள் ஜிப்பும் இறுகிவிட்டது.

மஞ்சக்குப்பத்தில் தைக்கும் பாயிடம் கொண்டுபோனேன். முழங்கால் பையை மேலே ஏற்றினார், பைகளின் அடியில் பித்தளை வளையம் அடித்தார். பிறகு மேசைமேல் விரித்துப் போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"வேலை செய்யும்போது எந்தக் கை சும்மா இருக்கும், தம்பி?"

"வலது கைதான், பாய்."

"அப்புறம் இந்த இடது பக்கம் எதற்கு இவ்வளவு?"

காக்கி டிரில் துணியில், முழுப் பருத்தியில், ஆறே பையோடு ஒன்று தைத்துக் கொடுத்தார். துணியும் கூலியும் சேர்ந்து 1,100 ரூபாய். ரிவெட் இல்லை, பை முனைகளில் தையலை ஏற்றி ஏற்றி ஓட்டியிருந்தார். கோடை முழுக்க அதுதான். ஒரே குறை, நான்காவது மாதத்தில் பிளையர் மூக்கு பையின் அடியைத் துளைத்துவிட்டது. முரட்டு நைலானின் அருமை அப்போது புரிந்தது. பழைய பேன்ட்டின் வலது முழங்காலை வெட்டி அடியில் வைத்துத் தைத்தார் பாய். இன்றுவரை தாங்குகிறது.

இடது முழங்கால் துணி மிச்சம் இருக்கிறது. உதவிக்கு வரும் பையன் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தனக்கும் ஒன்று தைக்க அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அவனுக்கு இடக்கைப் பழக்கம், பைகளெல்லாம் எதிர்ப்பக்கம் வருமாம்.