லெனின் தட்டு: 1920களா, 1970களா?

சோவியத் தலைவர்கள் முகம் பதித்த பீங்கான் தட்டு சேர்ப்பவர்களுக்கு இரண்டு வழி. முதலாவது, 1920களின் தொடக்கத்தில் பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அரசுப் பீங்கான் ஆலையில் கையால் வரைந்தவை. ஓவியர் மிகாயில் அதமோவிச்சின் தட்டில் லெனின் முகத்துக்குப் பக்கத்தில் ரேஷன் அட்டைகள், விளிம்பில் 'உழைக்காதவன் உண்ண மாட்டான்'. பஞ்ச காலத்துச் சாப்பாட்டுத் தட்டில் இந்த வாசகம்!

இதன் சுவையே பின்பக்கத்தில்தான். ஜார் காலத்தில் வண்ணம் தீட்டாமல் மிஞ்சிய வெள்ளைத் தட்டுகளில்தான் புரட்சியை வரைந்தார்கள். அதனால் பல தட்டுகளில் பளபளப்புப் பூச்சுக்கு அடியில் இரண்டாம் நிக்கோலஸின் முத்திரை. பூச்சுக்கு மேலே சோவியத் முத்திரையான அரிவாள், சுத்தியல், பற்சக்கரம். சிலவற்றில் ஜார் முத்திரையை வண்ணத்தால் மறைத்திருப்பார்கள். ஆனால் பழைய வெள்ளைத் தட்டு கிடைத்தால் போதும், இன்றைக்கும் ஒருவர் போலி வரைந்துவிடலாம். முத்திரையை மட்டும் நம்பி வாங்கினால் கை சுடும்.

இரண்டாவது வகை, 1970இல் வந்த லெனின் நூற்றாண்டையொட்டியும் பிறகும் வெளிவந்த நினைவுத் தட்டுகள். பல அச்சுப்படம் ஒட்டிச் சுட்டவை. உருப்பெருக்கியில் பார்த்தால் முகம் புள்ளி புள்ளியாக உடையும், தூரிகைக் கோடு இருக்காது. விலை குறைவு, ஏமாற்றும் குறைவு.

பணமும் கூடவே ஒரு நிபுணரும் இருந்தால் முதலாவது. எனக்கு இரண்டும் இல்லை. புள்ளி லெனினே போதும். விளிம்புத் தங்கப்பூச்சு தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.